உப்பளத்து மோகினியின் முகம்

பட்டுக்கோட்டையில் வீரையனை யாரும் டைரக்டர் என்று கூப்பிட்டதில்லை. வீடியோக்காரன் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, கடைதிறப்பு எல்லாவற்றுக்கும் தோளில் கேமராவோடு போய், பந்தியில் சாப்பிடுகிறவன் வாயருகே விளக்கைப் பிடித்துத் திட்டு வாங்குகிற ஆள். தொண்ணூறுகளில் ஊர் இளவட்டம் பாதி விமானம் ஏறிப் போனபிறகு அவனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வளைகுடாவிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்காகச் சாவு வீட்டையும் வீடியோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். பிணம் அசையாது, கேமராவைப் பார்த்து இளிக்காது. அவனுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் மனசெல்லாம் சினிமா. துபாயிலிருந்து திரும்பி அதிராம்பட்டினத்தில் கேசட் கடை போட்டிருந்த ஹாஜா மைதீன் ஒருநாள், "ஒரு பேய்ப்படம் எடுத்துக் குடு வீரையா. நம்ம புள்ளைங்க அங்க ரூம்ல உக்காந்து பாக்கட்டும்" என்றார். வீரையனுக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டர் பக்கமே போகாமல் கேசட்டோடு முடிந்துவிடுகிற படம்தான். இருந்தால் என்ன, டைட்டிலில் பெயர் வருமே!

‘உப்பளத்து மோகினி’யை அவன் எடுத்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ராத்திரிக் காட்சிக்கு விளக்கு வைக்க வழியில்லை. லென்சில் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி உச்சி வெயிலில் எடுத்தான். கதாநாயகன் கண் கூசி அழுததைப் பயம் என்று வைத்துக்கொண்டான். ரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸ் ஊற்றினான், எறும்பு மொய்த்தது. காட்சிகளை ஒட்டிச் சேர்க்கிற அவன் வீடியோ மிக்சரில் இருந்ததெல்லாம் கல்யாணத்துக்கான வித்தைகள். அதனால் மோகினி இதய வடிவத்துக்குள்ளிருந்து தோன்றி, ரோஜா இதழாக உதிர்ந்து மறைந்தாள். மோகினியாக நடித்த பெண்ணோ செத்துக் கிடக்கிற காட்சியில் வயிறு ஏறி இறங்க மூச்சு விட்டாள், எறும்பு கடித்தால் சொறிந்தாள். எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்த ஹாஜா மைதீன், "இது பேயா, தூங்குற புள்ளையா?" என்று கேட்டார். வீரையனுக்கு மானம் போயிற்று.

அந்த வாரம்தான் ரெங்கம்மாள் செத்துப்போனாள். நாற்று நடவும் களையெடுப்புமாக ஊரான் வயலில் குனிந்தே காலத்தை ஓட்டிய பொம்பளை. ஒரே மகன் இளவழகன் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தான். பாஸ்போர்ட் முதலாளி கையில், லீவு கிடையாது. வீரையனின் வீடியோ கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் போட்டு அழுதான்.

"எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட கிடையாதுண்ணே. நீங்க எடுக்குறதுதான். மூஞ்சிய மட்டும் நல்லா எடுத்து அனுப்புங்கண்ணே."

நல்லாவே எடுத்தான். நாடிக்கட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாய், காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி, மூடிய கண். கடைக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. மூச்சு விடாத முகம்! அதை அப்படியே படத்தில் ஏற்றினான். பொண்ணு மாப்பிள்ளை பெயர் போடுகிற மெஷினில் இரண்டு வெள்ளைப் பல் வரைந்து உதட்டில் ஒட்டினான், மூடிய கண்மேல் இரண்டு சிவப்பு வட்டம் வைத்தான். ஹாஜா மைதீன் அசந்துபோனார்.

"யாருப்பா இந்தம்மா?"

"மாயவரத்து நாடகக்காரம்மா, பாய்" என்று கூசாமல் சொன்னான்.

பண்ணை வீட்டு அம்மாளின் முகமாக இருந்தால் தொட்டிருப்பானா? கையை முறித்து அடுப்பில் வைத்திருப்பார்கள், அது அவனுக்கும் தெரியும். கூலிக்காரி முகம்தானே, எவன் வந்து கேட்கப்போகிறான் என்று நினைத்தான் படுபாவி.

அதோடு விட்டிருந்தாலும் போகிறது என்று சொல்லலாம். கடைசி நாள் படப்பிடிப்பில், அலையாத்திக் காட்டோரம் கடல்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம், கேசட் தீர்ந்துபோயிற்று. பையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஷார்ஜா போகிற ஓர் ஆளிடம் கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருந்த ரெங்கம்மாளின் கேசட். அதன் மேலேயே கிளைமாக்சைப் பதிந்தான். பெண்கள் மாரடித்து அழுததும், அவள் பாடை ஏறியதும், அந்த முகமும் அழிந்தன. அந்த இடத்தில் ரோஸ்மில்க் பூசிய ஒருவன் உப்பளத்தில் கத்திக்கொண்டு ஓடினான்.

மகன் மறுபடி போன் பண்ணினான்.

"பூஞ்சை புடிச்சுப் போச்சு தம்பி" என்றான் வீரையன்.

"கொஞ்சங்கூட தெரியலையாண்ணே?"

"ஒண்ணுமே தெரியல."

வீரையன்தான் போனை வைத்தான்.

படம் வளைகுடா ரூம்களுக்குப் போயிற்று. போனதோடு சரி. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு ஈ காக்காய்கூட அவனிடம் சொல்லவில்லை. ரெங்கம்மாளை அவன் அடுத்த முகூர்த்தத்திலேயே மறந்துவிட்டான், ஆனால் இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வருஷங்கள் ஓடின. கேசட் போய் சிடி வந்தது. ஹாஜா மைதீன் பழைய படங்களைத் தூசி தட்டி எடுத்து, ‘உப்பளத்து மோகினி’யையும் சிடியாகப் போட்டார். அட்டைக்கு எது பயங்கரமான முகமோ அதைத்தானே போடுவார்கள்? பஸ் ஸ்டாண்டில் கர்சீப்புக்கும் சீப்புக்கும் நடுவில் ரெங்கம்மாள் பல்லோடு தொங்கினாள். வீரையன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, அட்டையில் தன் பெயரைப் படித்துவிட்டுப் போனான்.

லீவில் வந்த இளவழகன் ஒரு மத்தியானம் கடைக்குள் நுழைந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் அந்த சிடி.

"அண்ணே, இந்தப் பல்லும் செவப்பும் இல்லாம ஒண்ணு இருக்குமாண்ணே? மூஞ்சி மட்டும்?"

"இல்ல தம்பி" என்றான் வீரையன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "பூஞ்சையெல்லாம் இல்ல. அந்தக் கேசட்டு மேலயே படத்த எடுத்துட்டேன்."

அடி விழும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். விழவில்லை. இளவழகன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் வீரையன் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவன் என்று அவன் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் மனுஷன் இளவழகன்தான்.

"ரூம்ல எல்லாரும் பாத்தாங்களா? அந்த எடத்துல பயந்தாங்களா?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்.

"சிரிச்சாங்கண்ணே" என்றான் இளவழகன். "நானும் சிரிச்சேன். திரும்பத் திரும்ப அந்த எடத்தையே ஓட்டிச் சிரிச்சோம். யாரோ நிறுத்தி வச்சாங்க. அப்பத்தான் காதப் பாத்தேன். கம்மல் இல்லாம வேப்பங்குச்சி சொருகியிருந்துச்சு."

சிடியைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"அம்மா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுண்ணே. இத வச்சிக்கிறேன்."