முகம் வரையாமல் விட்ட படம்

நான் படம் வரைபவள். பெரிய ஓவியர் என்று நினைத்துவிட வேண்டாம். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களில் அழுகிற பையன், கோபப்படும் பூனை, வெட்கப்படும் யானைக்குட்டி என்று வருமே, அதை யாரோ ஒருத்தி உட்கார்ந்து வரைந்திருப்பாள் அல்லவா, அந்த ஒருத்தி நான். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எங்கள் ஊரான பத்து பாகாட்டில் ஓர் உடைத் தொழிற்சாலையில் வேலை. குழந்தைச் சட்டைகளில் கரடி முகம் இருக்கும், அதற்குக் கண் தைக்கிற மெஷினில் என்னை உட்கார வைத்தார்கள். கண் ஒரு தையல் கீழே இறங்கினால் கரடிக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரு தையல் உள்ளே தள்ளிப்போனால் யார் மேலோ கோபமாக இருக்கும். நான் படித்த படிப்பு என்று சொன்னால் அதுதான்.

இப்போது மகள் வாங்கிக் கொடுத்த டேப்லட்டில், கோலாலம்பூரில் உள்ள ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு வரைந்து அனுப்புகிறேன். அங்கே படங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வாட்சாப்பில் குரல் அனுப்புவார்.

"அக்கா, படம் நல்லா இருக்கு. ஆனா இந்தப் புள்ள ஏன்க்கா பரீட்ச எழுதப் போற மாதிரி இருக்கு? பர்த்டே பார்ட்டி இது, அக்கா. கொஞ்சம் சிரிக்க வைங்க லா."

அவர் சொல்வது சரிதான். கைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் வரைவேன், அதனால் என் முகமே படத்துக்குள் போய்விடும். என் முகமோ எப்போதும் எதையாவது நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் முகம். கேஸை மூடினேனா, கேட்டைப் பூட்டினேனா, மகள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தாளா. இந்தக் கவலையெல்லாம் என் புருவம் வழியாக இறங்கி, கேக் வெட்டுகிற பிள்ளையின் புருவத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முகத்தை வரைந்து முடித்ததும் வாயை விரலால் மறைத்துப் பார்ப்பேன். வாயை மறைத்த பிறகும் கண்ணும் புருவமும் சிரித்தால் அந்தப் படம் தேறிவிட்டது. வாய் மட்டும் சிரித்திருந்தால் அழித்துவிடுவேன். வாயை யார் வேண்டுமானாலும் வளைத்துவிடலாம்.

போன வருடம் என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கி, சாவியைக் கொடுக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாயின் வலது ஓரம் தொங்கிப்போனது. பேச்சு போய்விட்டது. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை.

மகள் ஜொகூர் பாருவில் தோழிகளோடு ஓர் அறையில் இருக்கிறாள். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். எங்களைக் கூட்டி வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடையாது. அதனால் வீட்டில் நான் ஒருத்திதான் அவரைப் பார்த்துக்கொண்டேன். தூக்கி உட்கார வைப்பது, குளிக்க வைப்பது எல்லாம். ஒருநாள் குளியலறையில் அவரோடு சேர்ந்து நானும் விழுந்தேன். எனக்கு இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியாமல் ஈரத் தரையில் இரண்டு பேரும் கிடந்தோம். நான் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வந்துதான் தூக்கிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டதும் மகள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். கையோடு ஒரு பேச்சையும் கொண்டுவந்தாள். ஜொகூர் பாருவில் அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, தினமும் கைகால் பயிற்சி கொடுக்கிறார்கள், ஒரு கட்டில் காலியாக இருக்கிறது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும்மா. இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"ஒங்கப்பாவ ஹோம்ல கொண்டு போடச் சொல்றியா?"

"போடறது கீடறதுன்னு ஏம்மா பேசுறீங்க? அப்பாகிட்டயே கேப்போம்." அவர் பக்கம் திரும்பினாள். "ப்பா, நான் சொன்ன எடத்துக்குப் போறீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"பாத்தீங்களா? சரின்றாரு."

ஆனால் அவருடைய தலையாட்டலைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். "என்னங்க," என்றேன், "வெளிய மழ பெய்யுதா?" வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தலையாட்டினார்.

"நீங்க பொம்பளையா?"

அதற்கும் ஆட்டினார். மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார், இடது பக்கம் மட்டும்.

"பொம்பளையான்னு கேட்டதுக்கும் சரின்னுதான்டி சொல்றாரு ஒங்கப்பா," என்றேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இதை முன்பே சொல்லியிருந்தாள். ஆமாம், இல்லை என்பது அவருக்கு மாறி மாறி வரும், ஆனால் மனசில் எல்லாம் இருக்கிறது, படம் காட்டிக் கேட்டுப் பாருங்கள் என்று. மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாக முகங்கள் போட்ட ஓர் அட்டையையும் கொடுத்திருந்தாள். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடம் ஊரையே பஸ்ஸில் ஏற்றிப்போனவரிடம் பாலர் பள்ளி அட்டையைக் காட்டினால் என்ன செய்வார்?

அன்றைக்கு மகளிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் விடு. நான் கேட்டுச் சொல்றேன்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பயிற்சிப் புத்தகங்களில் ஒரு பக்கம் வரும். ஒரு பிள்ளை ஐஸ்கிரீமைக் கீழே போட்டிருக்கும், ஆனால் முகம் வெறுமையாக இருக்கும். பக்கத்தில் உள்ள முகங்களில் ஒன்றைப் பிள்ளைகள் வெட்டி ஒட்ட வேண்டும். இந்த மாதிரிப் பக்கங்களை எவ்வளவோ வரைந்திருக்கிறேன். அதையே அவருக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் முகங்களை வரைந்தேன். உருண்டை முகமாக இல்லாமல் அவருடைய முகமாகவே, மீசையோடு. சந்தோஷம், நிம்மதி, துக்கம், பயம், கோபம், அருவருப்பு. வெட்டி அவர் மடியில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்.

மகள் ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "அலமாக், ம்மா. அப்பா இப்ப இப்படியா இருக்காரு? இது ஒங்க கல்யாணப் போட்டோ மாதிரி இருக்கு."

நான் பழைய வாயை வரைந்திருந்தேன். நேரான வாய். தினமும் மூன்று வேளை சோறு ஊட்டி, அந்த ஓரத்தில் வழிவதைத் துடைக்கிறவளுக்கு, அதை வரைய மட்டும் கை போகவில்லை.

மறுபடி வரைந்தேன். இந்த முறை வலது ஓரம் தொங்கிய வாய். எல்லா முகத்துக்கும் ஒரே வாய்தான். சந்தோஷத்துக்கும் அதே வாய், பயத்துக்கும் அதே வாய். மீதியைக் கண்ணும் புருவமும்தான் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரோக் அவர் புருவத்தைத் தொடவில்லை. நல்லவேளை. கைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து வரைகிற என் வழக்கத்தை விட்டுவிட்டு, அவர் முகத்தை மட்டும் பார்த்து வரைந்தேன். கல்யாணமான புதிதில்கூட அவரை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

இந்த முறை அவர் முகங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இடது கையால் தன் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டார். தள்ளிவிடவில்லை.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்குப் புரிகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அவர் தட்டில் பாகற்காய் இருக்கிற மாதிரி ஒரு படம் போட்டு, முகத்தை வரையாமல் விட்டேன். பாகற்காய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அருவருப்பு முகத்தை எடுத்து வைத்தார். கூட்டாளிகளோடு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்கிற படம் கொடுத்தேன். சந்தோஷத்தை வைத்தார். வைத்துவிட்டு அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இல்லத்தின் படத்தை வரைந்தேன். மகள் போனில் காட்டிய போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். கட்டில், ஜன்னல், வெளியே ஒரு மாமரம். கட்டிலில் அவர். பக்கத்து நாற்காலியில் தூக்குச்சட்டியோடு நான். இரண்டு பேருக்கும் முகம் இல்லை. அவர் முகத்தை மட்டும் வெறுமையாக விட்டு என் முகத்தை வரைந்திருக்கலாம். ஆனால் வரைந்தால் அதில் என்ன வரும் என்று எனக்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவர் எப்படிப் பதில் சொல்வார்? அதனால் விட்டுவிட்டேன்.

"என்னங்க, இதான் அந்த எடம். இது நீங்க. இது நான், ஒங்களப் பாக்க வந்திருக்கேன். பாத்து வைங்க."

பயத்தை எடுப்பார் என்று நினைத்தேன். எடுப்பார் என்று ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். எடுத்தால் மகளிடம், பார்த்தாயா உங்கப்பா பயப்படுகிறார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

பயத்தைத்தான் எடுத்தார். எடுத்து என் கழுத்துக்கு மேல் வைத்தார்.

சேலை கட்டிய உடம்பு, மீசை வைத்த முகம். மகளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். நான் அந்த முகத்தை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"அது நான்ங்க. நீங்க இந்தா, கட்டில்ல இருக்கீங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸில் தப்பான ஸ்டாப்பில் மணி அடித்த ஆளைப் பார்க்கிற பார்வை. மறுபடியும் அதே முகத்தை என் மேல் வைத்து, விரலால் அழுத்தினார். பிறகு துழாவி எடுத்து, கட்டிலில் இருந்த தன் உடம்பில் நிம்மதியை வைத்தார்.

நான் அவசரமாக அடுத்த படத்தை எடுத்து வைத்தேன். அது எங்கள் வீடு. கூடத்தில் அவர் கட்டில், நான் அவரைத் தூக்கி உட்கார வைக்கிறேன். தன் உடம்பில் துக்கத்தை வைத்தார். எனக்கு வைக்க ஒரு முகத்தைத் தேடினார். எல்லாவற்றையும் புரட்டினார், கவிழ்த்துப் போட்டார், மறுபடி புரட்டினார். அவர் தேடியது அதில் இல்லை. என் படத்தின் வெறும் முகத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"எதுங்க? கோவமா? நான் ஒங்க மேல கோவப்படுறேனா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் எழுந்து கைக்கண்ணாடியை எடுத்து வந்து, அதில் பார்த்து ஒரு முகம் வரைந்தேன். புருவத்தில் கவலை இருந்தது, அது எப்போதும் இருப்பது. அதற்குக் கீழே கண்ணிமை இரண்டும் இறங்கியிருந்தன. தையல் ஒன்று கீழே போன கரடிக் கண். அசதியை வரைய வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. வெட்டிக் கொடுத்தேன். வாங்கி என் உடம்பில் வைத்தார். வைத்த கையை அந்தப் படத்தின் மேலிருந்து எடுக்கவில்லை.

"ம்மா," என்றாள் மகள் மெதுவாக. "போன் போடட்டா?"

"போடு."

இப்போது அவர் அங்கே இருக்கிறார். கொஞ்சம் கை தூக்குகிறார், பிடித்துக்கொண்டு நிற்கிறார். வியாழக்கிழமை தோறும் காலை பஸ் பிடித்துப் போய் வருகிறேன். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸி ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு ஆன்ட்டி, வியாழக்கெழமன்னா காலையிலயே தலை சீவணும்னு அடம் பிடிப்பாரு," என்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறு ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது. சிரிக்காத பிள்ளையைச் சிரிக்க வைத்து அனுப்புவதுதானே என் வேலை. அவரும் எனக்காக அப்படி ஒன்றைச் செய்திருந்தால்? அந்த நிம்மதி முகத்தை, மனசில் இல்லாமல், நான் இனி விழக்கூடாது என்பதற்காக மட்டும் எடுத்து வைத்திருந்தால்? படத்தை வைத்துத்தான் கேட்டேன். படம் பொய் சொல்லும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

போன வியாழன் அதைக் கேட்டே விட்டேன். கொண்டுபோன கஞ்சியைக் குடித்து முடித்திருந்தார். வாயைத் துடைத்துவிட்டேன்.

"என்னங்க, நெசமாவே இங்க ஒங்களுக்கு நிம்மதியா இருக்கா?"

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்து நான் என்ன செய்வது?

படத்துக்குச் செய்வதை அவருக்குச் செய்தேன். உள்ளங்கையால் அவர் வாயை மறைத்தேன். தொங்கிய ஓரமும் மீசையும் மறைந்துபோயின. கண்ணும் புருவமும் மட்டும் இருந்தன. சிரிக்கிற கண் என்று சொல்லமாட்டேன். பயந்த கண்ணும் இல்லை. இமை நேராக இருந்தது, புருவம் அதன் இடத்தில் இருந்தது. நான் வரைந்த முகங்களில் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. நான் இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

அப்போது அவர் இடது கையைத் தூக்கி என் வாயை மூடினார். மூடிக்கொண்டு, நான் பார்த்த மாதிரியே என் கண்ணையும் புருவத்தையும் பார்த்தார்.