வெள்ளை ஹெல்மெட்

எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசருக்கு வெள்ளை ஹெல்மெட், எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். அந்த மனிதர் எங்களில் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “டேய் மஞ்சா!” என்பார். தன் போனை மட்டும் தன்னை “ஐயா” என்று அழைக்கும்படி வைத்திருந்தார். சும்மா சும்மா அதனிடம் மணி கேட்பார். “பதினொன்று, ஐயா” என்று அது சொன்னதும் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

ஒருநாள் அந்தப் போனைக் காணோம்.

“மஞ்சா, என் நம்பருக்கு அடிடா!”

என் கையெல்லாம் கிரீஸ். என் போனிடம் மெதுவாக வாயாலேயே சொன்னேன். “வெள்ளை ஹெல்மெட்டை அழைக்கிறேன்” என்றது அது, எல்லோர் காதிலும் விழும்படி.

“இன்னாடா, எனக்குப் பேரு இல்லியா?”

“கீது சார். எனக்குந்தான் கீது.”

முறைத்தார். அப்போதும் என் பெயரைக் கேட்கவில்லை. அவர் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.