மூன்று வினாடி

பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருஷமாகப் பிரேக் பழுது பார்க்கிறவரை எல்லோரும் 'பிரேக்கார்' என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வேகமாகக் கார் ஓட்டும் பைத்தியம் பிடித்ததுதான் வேடிக்கை. காயலான் கடைக்குப் போக இருந்த காரை வாங்கி, பின்சீட்டைப் பிடுங்கி எறிந்து, எடை குறையட்டும் என்று கதவுக் கண்ணாடியைக்கூடக் கழற்றினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சங்கத்தார் பந்தயப் பாதையைப் பயிற்சிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அவர் ஓட்டுவார். அவர் மனைவி தடுப்புச் சுவரோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்டாப்வாட்சை அமுக்கி, சுற்றுக்கு எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதுவாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், முதல் நாள், வியர்வையில் தொப்பலாக நனைந்து காரைவிட்டு இறங்கியவர், "எவ்வளவும்மா?" என்று ஆவலாகக் கேட்டார். கடிகாரத்தில் அறுபத்தெட்டு. வந்திருந்தவர்களில் அவர்தான் கடைசி. அந்த வாரம் முழுக்கப் பணிமனையில் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த ஆள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அறுபத்தஞ்சு" என்றாள்.

சொன்னது சொன்னதுதான். அடுத்த மாதம் உள்ளதைச் சொன்னால் மனுஷன் மூன்று வினாடி பின்னால் போய்விடுவாரே! அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வினாடியைக் கழித்தே எழுதி வந்தாள். பொய்யிலும் ஒரு நாணயம் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றுக்கு மேல் ஒரு புள்ளிகூடக் குறைத்ததில்லை. அவரும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். போன மாதம் கடிகாரம் அறுபத்து மூன்று புள்ளி எட்டு காட்டியது. நோட்டில் அறுபது புள்ளி எட்டு ஏறியது.

அசல் பந்தயங்களுக்கு அவர் போனதே இல்லை. அதில் ஓட வேண்டுமானால் காருக்கு அடியில் நேரப்பெட்டி பொருத்த வேண்டும். பாதையில் புதைத்த கம்பியைக் கார் தாண்டும்போது பெட்டி கொடுக்கும் சைகையை வைத்துத் திரையில் நேரம் விழும். கையால் எடுத்த நேரம் அங்கே செல்லாது. பெட்டிக்கு ஒரு நாள் வாடகையே அவருடைய அரை வாரக் கூலி. இந்த வருஷமோ சங்கத்தில், அறுபத்திரண்டு வினாடிக்குள் சுற்றுகிற எவரும் பெரிய பந்தயத்தில் ஓடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். மனுஷன் தரையில் நிற்கவில்லை. நேராகப் போய் ஒரு பெட்டிக்கு விலை விசாரித்துவிட்டு வந்தார். மூன்று மாதச் சம்பளம்.

அவ்வளவு பணம் வீட்டில் இருந்தது. அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்து வீடு. சுவரெல்லாம் ஓதம். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அந்த வீட்டில் இளைப்பு நிற்கவே இல்லை. மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கத்தான் இரண்டு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தார்கள்.

"சோப்பு டப்பா அளவுகூட இல்லியே. இதுக்கா இவ்வளவு?" என்றாள், அவர் காட்டிய படத்தைப் பார்த்து.

"வாடகைக்கு எடுத்தா எடுத்துக்கிட்டே இருக்கணும். வாங்கிட்டா நம்மளோடது. நீ எழுதின நோட்டைப் பாரு. அறுபத்திரண்டெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "உனக்கு மூச்சு வாங்குறது எனக்குத் தெரியாம இல்ல. வேணாம்னு சொல்லு, விட்டுடறேன்."

அந்த இடத்திலாவது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று கேட்பாரே? வீட்டுக்காக என்று சொன்னால், ஜெயிக்க வேண்டிய ஆளைத் தான் தடுத்துவிட்டதாகக் காலமெல்லாம் நினைத்துக்கொள்வாரே?

"உங்க இஷ்டம்" என்றாள் புண்ணியவதி.

பெட்டி வாங்கியாயிற்று. பெரிய பந்தயத்துக்கான தேர்வு நாளும் வந்தது. முதல் சுற்றில் திரையில் விழுந்தது அறுபத்து மூன்று புள்ளி ஒன்பது. அவர் சிரித்துக்கொண்டே நேர அதிகாரியிடம் போனார்.

"பெட்டியில ஏதோ கோளாறு சார்."

"அது யார் மூஞ்சியையும் பாக்காதுண்ணே. கரெக்டாத்தான் காட்டும்."

"என் வீட்டுக்காரி கையைவிடவா? ஒன்பது வருஷமா எடுக்கறா. இன்னொரு சுத்து போறேன், பக்கத்துல நின்னு நீங்களே பாருங்க."

அதிகாரி அவள் தோளோரம் வந்து நின்றார். கார் கோட்டைத் தாண்டியது. அவள் அமுக்கினாள். அறுபத்து மூன்று புள்ளி நான்கு. திரையிலும் அதே எண்.

இறங்கி வந்தவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இனி நோட்டைப் பற்றிக் கேட்பார் என்று அவள் அதை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவரோ ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி சரியாத்தான் இருக்கு. நான்தான் தேஞ்சு போயிட்டேன். ஒரே மாசத்துல மூணு வினாடி! வயசாயிடுச்சும்மா. கண்ணும் காலும் சொன்னபடி கேக்கல."

அறுபத்து மூன்று புள்ளி நான்கு. ஒன்பது வருஷத்தில் அவர் ஓட்டியதிலேயே அதுதான் அதிவேகமான சுற்று. அது தெரிந்த ஒரே ஆள் அவள். சொன்னால் இன்றைய ஓட்டம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்பது வருஷமும் கைவிட்டுப் போகும்.

"என்னங்க..." என்று ஆரம்பித்தாள்.

"விடு. வண்டியை வித்துடலாம். பேரு பதிஞ்ச பெட்டியைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. வெளியில வித்தாலும் பாதிகூடத் தேறாது. உன் வீட்டுக் காசைத்தான் பாழாக்கிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல. நல்லா ஓட்டின காலம் உன் நோட்டுல இருக்கு. அது போதும் எனக்கு. இன்னைக்கு உள்ளதையும் அதுலயே எழுதிடு."

அவள் எழுதினாள். அறுபது புள்ளி எட்டுக்குக் கீழே, அறுபத்து மூன்று புள்ளி நான்கு. அந்த நோட்டில் அவள் எழுதிய முதல் உண்மை அதுதான். அவர் அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பெட்டியைக் கழற்ற ஸ்பேனரோடு காருக்கடியில் போய்ப் படுத்தார்.