கிரேன் கொண்டுபோன பிளாஸ்க்

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைசி ஆள் என்றுதான் சொல்வார்கள். தியேட்டரை விட்டுக் கடைசியாக வெளியே வருகிற ஆள் என்று அர்த்தம். படம் முடிந்து, விளக்குப் போட்டு, ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிய பிறகும் இவன் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டான். லைட் பிடித்தவர், மேக்கப் போட்டவர், வண்டி ஓட்டியவர் என்று திரையில் கீழிருந்து மேலே பெயர்கள் போகுமே, அத்தனையையும் உதடு அசையப் படிப்பான்.

"இதுல ஒருத்தரையாவது உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டால், "தெரியாதுக்கா" என்பான். "அப்புறம் என்னத்துக்குடா?" என்றால், "படம் இன்னும் முடியலக்கா" என்பான். கூட வந்த பாவத்துக்கு நானும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பெருக்க வந்த பெண் எங்கள் காலடியில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முறைப்பாள். அவள் முறைப்பதும் நியாயம்தான்.

வேலை லிப்ட் மெக்கானிக். இந்த வட்டாரத்தில் எவனாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இவனுக்குத்தான் போன் வரும். நல்ல வேலைக்காரன், வாயில்லாப் பூச்சி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சினிமாக் கிறுக்கு ஒன்றுதான். அதிலும் ஒரே நடிகர். அவர் மூன்று பாகமாக நடிக்கிற போர்ப்படத்தின் முதல் இரண்டு பாகத்தையும் எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு இங்கே இவன்தான் தலைவர். மன்ற அலுவலகம் எது என்றால் என் ஜெராக்ஸ் கடையின் பின்கட்டு. நான் சம்மதித்தேனா என்று கேட்காதீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. ஷூட்டிங் நடக்கிற இடத்துக்குள் ஒரு தடவை நிற்க வேண்டும். ஸ்டூடியோ எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதிலிருந்து அந்த மதில் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தும், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த ஒரு லைட்டுக் கம்பத்தைத் தவிர அவன் எதையும் கண்டதில்லை. அதையும் வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் சொல்லி எங்கள் உயிரை வாங்கினான்.

மூன்றாம் பாகத்தில் பெரிய கூட்டத்தோடு எடுக்க வேண்டிய கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். லைட்மேன், தச்சர், டிரைவர், தையல்காரர் எல்லாரும். விடிய விடிய வேலை வாங்கிவிட்டு, விடிந்ததும் திரும்ப வா என்கிறார்கள், நடுவில் மனுஷன் தூங்க நேரம் கொடு என்பதுதான் அவர்கள் கேட்டது. ஒரு டிரைவர் தூக்கக் கலக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். படம் தள்ளிப்போகும் என்று செய்தி வந்தது. நம்ம ஆள் இடிந்துபோவான், சோறு தண்ணி இறங்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ மன்றத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலுக்குப் போய்த் தொழிலாளர்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அடேய், நீ தவங்கிடந்த படம்டா அது!" என்று கத்தினேன்.

"லேட்டா வந்தா லேட்டா பாத்துக்கலாம்க்கா. எடுக்கிற ஆளே போயிட்டா?"

நான் கடையைப் பார்க்க வந்துவிட்டேன். அங்கேயும் நிம்மதி இல்லை. 'மெதுவா எடுங்க, காத்திருக்கோம்' என்று கொட்டை எழுத்தில் கட்டுக் கட்டாக நோட்டீஸை என் மெஷினிலேயே அடித்துக்கொண்டு போனார்கள். மெஷின் மூச்சு வாங்கியது. நானும் வாங்கினேன். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "மாப்ள சொல்றதுல என்ன தப்பு?" என்று டீ போட ஆரம்பித்துவிட்டார். அந்த டீயை வாசலுக்குக் கொண்டுபோகிற வேலை யாருக்கு? எனக்குத்தான். அதுவும் என் பெரிய பிளாஸ்க்கில். அந்தப் பிளாஸ்க்கை என் மாமியார்கூடக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

அங்கே போய்ப் பார்த்தால், ரசிகர்களின் தொல்லை தாங்காமல் தொழிலாளர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆதரவு கொடுக்க வந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாமா? கிரேன் என்று ஒரு லைட்மேன் இருந்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், அதனால் அந்தப் பெயர். அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, கடைசில வில்லன் செத்துடுவானா?" என்று நச்சரித்தார்கள். அவர் பெருமூச்சு விட்டார். "தம்பி, நான் மேல தொங்கிக்கிட்டு லைட்டப் பாக்கறவன். கீழ யாரு சாகறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அவர்தான் அன்றைக்குப் பிளாஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் டீ இருக்குதும்மா, கழுவி நாளைக்குத் தர்றேன்" என்றார். மறுநாள் கேட்டேன், நாளைக்கு என்றார். அதற்கடுத்த நாளும் நாளைதான்.

இந்த லட்சணத்தில்தான் தயாரிப்பு நிர்வாகி ஒருநாள் என் கடைக்கே வந்தார். வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகுகிற பேச்சு. தம்பி மன்றத்து ஆட்களோடு ஸ்டூடியோவுக்குள் வந்துவிட வேண்டுமாம். கூட்டக் காட்சியில் இவர்களே நிற்கலாம், அதுவும் இவன் ஹீரோவுக்குப் பக்கத்தில். படமும் சொன்ன தேதிக்கு வந்துவிடும்.

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சரின்னு சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன்.

அவன் மெல்லக் கேட்டான். "சார், லைட்டு யாரு கட்டுவாங்க?"

"உங்க பசங்களே கட்டட்டுமே. ரெண்டு ஆளு சொல்லிக் குடுத்தா ஆச்சு. ஆசையா செய்வாங்க."

"நான் லிப்ட் பாக்கிறவன் சார். ஆசைக்கு வந்தவன் மாட்டின லிப்ட்ல நீங்க ஏறுவீங்களா?"

நிர்வாகி சிரித்துப் பார்த்தார், தட்டிக்கொடுத்துப் பார்த்தார், கடைசியில் "இதுமாதிரி இன்னொரு வாட்டி கதவு தொறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கு வாங்கென்று வாங்கத்தான் போனேன். அதற்குள் அவனே சொன்னான்: "ரொம்ப ஆசையா இருந்துச்சுக்கா." அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

மன்றத்தில் பாதிப் பேர் அவனைத் துரோகி என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்கள். மீதிப் பேர் வாசலிலேயே கிடந்தார்கள். விலகினவர்களிலும் ஸ்டூடியோவுக்குள் போக ஒருவனும் துணியவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. தூங்க நேரம் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, இனியாவது இவனை உள்ளே விடுவார்கள் என்று பார்த்தால், அந்தக் காட்சியைப் படம் பிடிக்க எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வாசலில் ஓர் ஈ காக்கை இல்லை. கிரேனும் போய்விட்டார், என் பிளாஸ்க்கோடு. தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

படம் ரொம்பத் தள்ளித்தான் வந்தது. நானும் வீட்டுக்காரரும் தம்பியுமாக மூன்று பேரும் போனோம். அந்தக் கூட்டக் காட்சி வந்ததும் தம்பி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். ஹீரோவுக்குப் பக்கத்தில் எவனோ ஒரு மீசைக்காரன் நின்று கையை உயர்த்திக் கத்தினான். என் தம்பி நின்றிருக்க வேண்டிய இடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. வில்லன் செத்தான். படம் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் எழுந்தார்கள், என் வீட்டுக்காரரும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இவன் வழக்கம்போல் அசையவில்லை. லைட்மேன்களின் பெயர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன.

"டேய், இதுல எதுடா நம்ம கிரேன்?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தெரியலக்கா. கிரேன் கிரேன்னே கூப்பிட்டோம். பேரக் கேக்கவே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கண்டவன் பேரையெல்லாம் உக்காந்து படிக்கிற. அத்தனை நாள் பக்கத்துல உக்காந்திருந்த மனுஷன் பேரக் கேக்கலையா?"

"நீயும்தான் கேக்கல."

பெயர்கள் அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. இதில் யாரோ ஒருவரிடம்தான் என் பிளாஸ்க் இருக்கிறது. எவர் என்று தெரியாததால் ஒரு பெயரையும் விட முடியவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். லைட் முடிந்து தச்சர்கள் வந்தார்கள், டிரைவர்கள் வந்தார்கள். மரத்தில் மோதியவர் இதில் இருக்கிறாரா என்று தேடினேன். அவர் பெயரும் எனக்குத் தெரியாது.

பெருக்குகிற பெண் வந்து துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டேன்.

"நீ பாட்டுக்குப் பெருக்கும்மா," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "படம் இன்னும் முடியல."