மூடி போட்ட பாத்திரத்துத் தண்ணீர்

குளித்தலையில் ரயில் ஏறியவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி செல்லம், மகள் ராசாத்தி, வயது ஆறு, மகன் முத்து, வயது இரண்டரை. வேறு யாரும் வரவில்லை. நான் அரிசி மில் மேஸ்திரி. நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். மில்லில் இயந்திரம் பழுதாகி இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. விஷ ஜுரத்தில் ஒரு மாதம் கிடந்து எழுந்த ராசாத்திக்கு ஓட்டல் சாப்பாடு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். என் குழந்தைகள் அதுவரை ஓட்டல் வாசல் மிதித்ததில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி. திருச்சி கோட்டை ஸ்டேஷன் ஏறக்குறைய இருபது மைல். ஆளுக்கு ஆறணா, ராசாத்திக்கு அரை டிக்கெட் மூன்றணா. எனக்கு வெளியூர் என்றாலே பயம். ஜுரம் தண்ணீரில்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் வழியெல்லாம் ராசாத்தியிடம் அதே பாட்டுத்தான்.

"கண்ட தண்ணியக் குடிக்கக் கூடாது. எதுல இருந்தா குடிக்கலாம்?"

"மூடி போட்ட பித்தளைப் பாத்திரத்துல, நாலு பேர் குடிக்கிறதுல."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஏங்க, புள்ளை பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு ஒப்பிச்சதில்லைங்க," என்றாள் செல்லம்.

அன்று மலைக்கோட்டை பார்த்தோம். படியில் குழந்தைகள் உருண்டுவிடுவார்கள் என்று நான் பார்த்தது படிகளை மட்டுமே. இரவு சத்திரத்தில் கட்டுசாதம்.

ஞாயிறு காலை எட்டு மணி. ஸ்ரீரங்கத்துக்குக் குதிரை வண்டி. வண்டிக்கார பாய் ஆறணா கேட்டு நாலணாவுக்கு இறங்கினார். காவேரிப் பாலத்தில் வண்டி ஆடியதும், இறங்கி நடக்கட்டுமா என்றேன்.

"உக்காருங்கண்ணே. எங்க அத்தா காலத்துலேருந்து நிக்கிற பாலம். உங்க நாலு பேருக்காகவா விழப்போவுது?"

செல்லம் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அதோடு சரி.

பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும்போது பதினொன்றரை. தெற்கு வாசல் கடைத்தெருவில் ஓர் ஓட்டல். அளவுச் சாப்பாடு நாலணா. உள்கூடம் பிராமணர்களுக்கு, மற்றவர்களுக்குப் பின்னால் கொட்டகை என்று பலகையில் எழுதியிருந்தது. எங்கும் உள்ள வழக்கம்தானே! எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அதைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கொட்டகையில் இலை போட்டார்கள். சோறு வரவில்லை. மூலையில் தண்ணீர் வைத்த மண்ணெண்ணெய்த் தகரம். மூடியில்லை, மேலே ஈ. "இதைத் தொடாதே," என்றேன் ராசாத்தியிடம். பிறகு முத்துவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் ராசாத்தி இல்லை.

உள்ளே தம்ளர் விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். உள்கூடத்து நடுவில் மூடி போட்ட பெரிய பித்தளை அண்டா. மூடியை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்திருக்கிறாள். தானே மொண்டு குடித்திருக்கிறாள். வாயெல்லாம் ஈரமாக நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழு பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"ஏம்ப்பா, போர்டு பாக்கலையா நீ?" என்றார் ஓட்டல்காரர்.

"குழந்தைன்னா ஓய், விடும்," என்றார் எழுந்தவர்களில் ஒரு கிழவர். ஆனாலும் அவர் திரும்ப உட்காரவில்லை.

"குழந்தைக்குத் தெரியாது. அழைச்சிண்டு வந்தவனுக்குத் தெரிய வேண்டாமோ? ஏழு இலை, ஒண்ணே முக்கால் ரூபா. அண்டாவைக் கொட்டித் தேய்க்க எட்டணா. வச்சுட்டுப் போ. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடறேன்."

"ஒரு தம்ளர் தண்ணிக்கு ரெண்டேகால் ரூவாயா? அந்தக் காசுக்குக் காவேரியவே வெலை பேசலாமே!" என்றாள் செல்லம். போலீஸ் என்றதும் நான் பயந்துவிட்டேன். அவளை அதட்டினேன். அவரை அதட்டியிருக்க வேண்டும்.

மடியில் இருந்தது ஒரு ரூபாய் ஏழணா. அதில் ரயிலுக்குப் பதினைந்தணா. மிச்சம் எட்டணாவைக் கொடுத்தேன். பாக்கிக்கு ஈடாக ராசாத்தியின் ஒரு கால் வெள்ளிக் கொலுசைக் கழற்றச் சொன்னார். நானே குனிந்து கழற்றினேன். எங்கள் இலைகள் கொட்டகையில் காலியாகக் கிடந்தன.

மாலை நாலு மணி. ஒற்றைக் கொலுசோடு கோட்டை ஸ்டேஷன் வரை அவள் நடந்தே வந்தாள். வண்டி கிளம்பியதும் செல்லம் கூஜாத் தண்ணீரை நீட்டினாள். ராசாத்தி வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மூடி போட்டதுலதானே குடிச்சேன்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குளித்தலை வரைக்கும் அவள் ஒரு வாய் குடிக்கவில்லை.

எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் மில்லில் நெல் அவிக்கச் சேரியிலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதியில்லை. கொல்லைப் பக்கம் ஆணியில் ஒரு கொட்டாங்குச்சி தொங்கும்; யாராவது மேலிருந்து ஊற்றினால் அவர்கள் அதில் ஏந்திக் குடிக்க வேண்டும். அந்த ஆணியை அடித்தவன் நான். திங்கட்கிழமை காலை அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிடுங்கினால் முதலாளி பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கொட்டாங்குச்சி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. கொலுசும் திரும்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் நான் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரு ரூபாய் பன்னிரண்டணா.