இடது காதில் காக்கை

"கார்த்திகை, புதன், காலை 7.20. கண்மாய்க்கரை. எருமையின் முதுகில் கரிச்சான் ஒன்று. காலடியில் உண்ணிக்கொக்குகள் நான்கு. இடது காதில் காக்கை. எருமை தலையைச் சாய்த்துக் கொடுக்கிறது."

என் நோட்டில் உள்ள குறிப்பு இது. ராஜபாளையத்தில் பஞ்சாலைக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று கான்சாபுரத்தில் குடியேறியபின், காலை வேளைகளில் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து இப்படி எழுதிவருகிறேன். எருமை பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்போது நிறைசினையாக இருந்தது.

மேய்கிற எருமை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் கிளம்பும். கொக்குகள் அதன் காலோடு காலாக நடந்து அவற்றைப் பிடிக்கும். தப்பிப் பறப்பதைக் கரிச்சான் பாய்ந்து கவ்விக்கொண்டு திரும்ப முதுகுக்கே வந்துவிடும். காக்கை மாட்டின் உடம்பில் உண்ணி பொறுக்கும் என்றும் படித்திருந்தேன். படித்ததை நேரில் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில், அதற்கு மேல் எதையும் பார்க்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் நோட்டும் கையுமாகத் திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் எருமையை வாசலில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி காக்காவுக்கு அட்டெண்டன்ஸ் போடுதாவ," என்றார் மனைவியிடம். "லேட்டா வந்தா லீவுதான்."

தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்தார். "அப்படி என்னத்த எழுதுதிய? வாசிங்க, கேப்போம்."

புதன் முதல் அன்றுவரை எழுதிய ஐந்து நாள் குறிப்பையும் வாசித்தேன். தவிட்டுக்குள் அவர் கை நின்றுவிட்டது.

"அஞ்சு நாளும் இடது காதுதானா?"

"ஆமா."

"உண்ணி தேடுத காக்கா ஒரு எடத்துலயா நிக்கும்? மடி, வாலடின்னு சுத்திட்டுல்லா வரும்." கணவரைப் பார்த்தார். "ஏங்க, அது தலையச் செத்த புடிங்க."

காதில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார். உள்ளே புண். அதில் புழுக்கள் நெளிந்தன.

"எழுதுன நேரத்துக்கு எந்திரிச்சுப் போயி எட்டிப் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி," என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகம் உறைத்தது.

"தெனமும் ஓட்டிட்டுப் போற எனக்கே தெரியல, அவியளச் சொல்லுத," என்றார் கணவர்.

வத்திராயிருப்பிலிருந்து மாட்டு டாக்டர் வந்து புழுக்களை எடுத்துக் காதைச் சுத்தம் செய்தார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் புழு காதின் உட்பகுதிக்குப் போயிருக்கும், மாடு தீனியை விட்டிருக்கும், வயிற்றுக் கன்றுக்கும் ஆபத்து என்றார். அவர் எழுதிக்கொடுத்த ஸ்ப்ரே வத்திராயிருப்புக் கடைகளில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தேன். புண் ஆறும்வரை தினமும் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொள்வது என் வேலையானது. காக்கை விடாமல் வந்து சுவரில் உட்காரும்.

"ஏட்டி, போதும். ஒஞ் சோலி முடிஞ்சிருச்சு, போ," என்று அந்த அம்மாள் துண்டை வீசி விரட்டுவார்.

மார்கழிக் கடைசியில் எருமை கிடேரிக் கன்று ஈன்றது. சீம்பால் காய்ச்சி எனக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தார்கள். "காக்காவுக்கும் கூரையில வச்சிருக்கேன். நீங்க எழுதிராதிய," என்றார் அந்த அம்மாள். எழுதிவிட்டேன்.

ஐந்து நாள் ஒரே காதைத் தேடி வந்த காக்கைக்கும், வாசித்ததைக் காதுகொடுத்துக் கேட்ட அந்த அம்மாளுக்கும் நன்றியோடிருக்கிறேன். கன்று இப்போது கொக்குகளைத் துரத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. காக்கை புழுவை மட்டும் பொறுக்கியதா, புண்ணையும் கொத்திப் பெரிதாக்கியதா? இரண்டும் நடப்பதுண்டு என்றார் டாக்டர். அதன் அலகில் என்ன இருந்தது என்று ஐந்து நாளில் ஒருநாளும் நான் பார்க்கவில்லை. எனவே இது உறுதிசெய்யப்படாத செய்தி.