ஷட்டருக்குக் கீழே தெரிந்த கால்கள்

ஷட்டர் ரிப்பேர் தொழிலில் ஒரு வசதி உண்டு: கடையைத் திறக்க முடியாதவரும் கூப்பிடுவார், சாத்த முடியாதவரும் கூப்பிடுவார்.

போடி கடைவீதியில் பிழைக்கும் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா? ஸ்பிரிங் தளர்ந்தால் பாதியில் தொங்கும். மழை பெய்தால் துருவேறி அடம்பிடிக்கும். அதில் தலையை இடித்துக்கொள்ளாத கடைக்காரர் இந்த ஊரில் யார் இருக்கிறார்? அந்த வலியை எல்லாம் நாம் சிரித்துக்கொண்டே பேசலாம். ஆனால் கொடியும் கம்புமாக வெளியூர்க்காரர்கள் நம் வீதியில் ஊர்வலம் நடத்தத் தொடங்கிய பிறகு, ஷட்டர் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு குறைந்துவிட்டது.

சத்தம் வராத ஷட்டர்

முதல் ஊர்வலத்துக்கு முந்தின நாள் என் போன் ஓயவே இல்லை. பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளை ‘வந்தேறிகளின் கடை’ என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காகக் கடைகளைச் சாத்திவிடச் சொல்லி போலீசும் சொல்லிவிட்டுப் போயிருந்தது. பகலில் சாத்திப் பழக்கமில்லாத ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மக்கர் செய்தன.

ஏலக்காய்க் கடை காதர் மாமாவின் ஷட்டரில் ஒரு பழுதும் இல்லை. தாராளமாக ஏறியது, இறங்கியது. "நல்லாத்தானே இருக்கு மாமா, எதுக்குக் கூப்பிட்டீக?" என்றேன். அவர் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கிரீஸை இன்னும் கொஞ்சம் பூசச் சொன்னார். பூசினேன். இறக்கிப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடியும் பூசச் சொன்னார்.

"இத்தன வருசமும் தடதடன்னு ஊருக்கே கேக்குற மாதிரிதான்யா சாத்துனேன். இப்பத்தான் முதத் தடவையா, நான் சாத்துறது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு தோணுது."

ஒரு சாண் இடைவெளி

மறுநாள் செருப்புக்கடை ஷாகுல் அண்ணன் கடையில் ஷட்டர் தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. நான் உள்ளே இருந்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் மேளம் கேட்டது. வெளியே போக நேரமில்லை. அண்ணன் விளக்கை அணைத்தார். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டோம்.

வீதி மொத்தமும் சாத்திக் கிடந்தது. வேடிக்கை பார்க்கக்கூட ஆளில்லை. "இது யாரு மண்ணு?" என்று மைக்கில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் கத்தினார்கள். அந்தப் பதில் தகரத்தில் மோதித் திரும்பி வந்தபோது, கடைகளே பதில் சொல்வதுபோல இருந்தது. யாரோ ஒரு கம்பை ஷட்டர்கள் மேல் கரகரவென்று இழுத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கடையாக அது நெருங்குவது கேட்டது. எங்கள் ஷட்டர் மேல் வந்ததும் தகரம் முழுக்க நடுங்கியது.

அந்த ஒரு சாண் இடைவெளியில் கால்கள் மட்டும் தெரிந்தன. பூட்ஸ் கால், வெறுங்கால், ரப்பர் செருப்புக் கால். திடீரென்று பழுப்புத் தோல் செருப்பு போட்ட இரண்டு கால்கள் எங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றன. நகரவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிட்டதோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது. கால்கள் போய்விட்டன.

ஷாகுல் அண்ணன் என் காதருகே வந்து சொன்னார்: "நம்ம வாடிக்கை, பக்கத்தூரு சிலமலைக்காரர் காலு அது. மக கல்யாணத்துக்கு வாங்குனாரு. நாந்தான் குனிஞ்சு மாட்டிவிட்டேன்."

வழக்கமான வியாபாரம்

ஷட்டரை முழுசாகச் சரிசெய்ய மறுபடி போயிருந்தேன். ஏணியில் நிற்கிறேன், அந்தச் சிலமலைக்காரரே கடைக்குள் வருகிறார். மனைவியும் கூட. "என்ன மாப்ளே, வியாபாரமெல்லாம் எப்பிடி?" என்று எப்போதும்போலக் கேட்டு, எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். அதே செருப்பு. எதுவுமே நடக்காததுபோல அவர் சிரித்ததைப் பார்த்தபோது, அன்று தரையில் படுத்திருந்தபோது வந்ததைவிட எனக்கு அதிகப் பயம் வந்தது.

ஷாகுல் அண்ணன் குனிந்து அவர் பாதத்தைக் கையில் பிடித்தார். நிமிராமலே, "அன்னிக்கு ரொம்ப தூரம் நடந்தீகளே மாமா, கால் வலிக்கலையா?" என்றார். அந்த அம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியாது போல. சிலமலைக்காரர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. அழுத்தவும் இல்லை.

"நான் கத்தல மாப்ளே. வாயை மட்டுந்தான் அசச்சேன்."

திறப்பதா, சாத்துவதா

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஊர்வலம் என்று அறிவிப்பு வந்தது. வேறு பாதையில் விடச் சொல்லி நாங்கள் போலீசில் கொடுத்த மனு எடுபடவில்லை. வியாபாரிகள் எல்லாரும் ஒரு கடையின் மாடியில் கூடினோம். நாமும் கூட்டம் சேர்த்து எதிரே போவோம் என்றார்கள் இளவட்டங்கள். ஊர்வலக்காரர்கள் காத்திருப்பதே அதற்குத்தான் என்றார் காதர் மாமா. ஷட்டர் கல்லைத் தாங்குமா என்று என்னிடம் கேட்டார்கள். தாங்கும் என்றேன். தாங்கும் என்று சொன்னபோதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

கடைசியில் தையல்கடை லட்சுமியக்கா எழுந்தார். பக்கத்துத் தேவாரம் ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் பேசிய பிறகுதான், முடிந்தவர்கள் கடையைத் திறப்பது, யாரும் பதிலுக்குக் கத்துவதில்லை, எந்தக் கடையிலும் ஒற்றை ஆளாக யாரையும் விடுவதில்லை என்று முடிவாயிற்று. பயந்து சாத்தியவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சொன்னது இதுதான்:

"சாத்துன தெருவுல கத்திட்டுப் போறது லேசுய்யா, அங்க முகம் இல்லைல. நான் தெறந்துதான் வைப்பேன். அவுக என்னயப் பாக்கட்டும், நானும் அவுகளப் பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை

மலைமேல் போடிமெட்டிலிருந்து ஜீப்புகள் வழக்கம்போல இறங்கின. கேரளப் பக்கத்து எஸ்டேட்டுப் பெண்கள் பைகளோடு சாமான் வாங்க வந்திருந்தார்கள். நானும் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரும் காதர் மாமா கடையில் உட்கார்ந்திருந்தோம். மேளம் கேட்டதும் வீதியில் பேச்சு நின்றது. யாரும் ஓடவில்லை. கையில் எடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லாரும் தெருவைப் பார்த்துத் திரும்பினார்கள். லட்சுமியக்காவின் தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முன்வரிசை வெளியூர்க்காரர்கள் போன தடவையைவிட அதிகமாகவே கத்தினார்கள். பின்வரிசைகளில்தான் நமக்குத் தெரிந்த முகங்கள். நாங்கள் பார்த்தோம். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். மைக்கில் கேள்வி வந்தது, பதில் மெலிந்தது. அடுத்த கேள்விக்கு இன்னும் மெலிந்தது. அந்த அமைதி எங்களுக்கே பயமாக இருந்தது. அப்போது முன்னாலிருந்து ஒரு சோடா பாட்டில் பறந்து வந்து தராசில் பட்டு உடைந்தது. ஏலக்காய்க் குவியல் முழுக்கக் கண்ணாடித் துண்டு. பாத்திரக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். காதர் மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். எறிந்தவனைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. கடைசி வரிசையில் சிலர் கொடியைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் ஒதுங்கினார்கள்.

வீதி காலியான பிறகு, ஏலக்காயிலிருந்து கண்ணாடியைப் பொறுக்கினோம். கடை வாசலில் நின்றிருந்த எஸ்டேட்டுப் பெண் ஒருத்தி, தானே வந்து உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"ஊர்வலத்துல போனதுல ஒருத்தன் எங்க எஸ்டேட்டு லயத்து வரிசையில அடுத்த வீடு, சேட்டா. நாளைக்குக் காலைல வேலைக்குப் போற ஜீப்புல என் பக்கத்துல உக்காருவான். நான் அவன்கிட்ட என்ன பேசட்டும்?"

இந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஊரே பயந்து கடையைச் சாத்தும்போது எனக்கு நல்ல வருமானம் வருகிறது, அப்படிப்பட்ட வருமானம் இந்தத் தொழிலில் எனக்கு இனி வராமலே போகட்டும்.